தொழுகைக்கு நிறுத்திவைத்த ப்ரோகிராம்

புதிதாக ஒரு கருவியைக் கையில் எடுத்த ஆம்பிளை இருக்கிற வீட்டில் மூன்று மாதத்துக்கு யாருக்கும் விருந்து வைக்கக் கூடாது. இது நான் பட்டுச் சொல்வது. புது ஸ்பேனர் வாங்கியவன் ஒழுகாத பைப்பையும் கழற்றிப் பார்ப்பான். வெல்டிங் பழகியவன் உடையாத கேற்றை இரண்டு தரம் ஒட்டுவான். நான் இவர்கள் எல்லாரையும் தாண்டிப் போய், நாற்பத்து மூன்று வயதில் டிபக்கர் என்று ஒரு சாமான் வாங்கினேன். (டிபக்கர் என்றால் ப்ரோகிராமில் இருக்கிற பிழையைக் கண்டுபிடிக்கிற கருவி. என் கையில் அது பிழையைச் செய்யவும் உதவியது.)

என் தொழில் மோட்டர் வைண்டிங். கல்முனைக்குக் கிட்ட, மெயின் றோட்டோரம் ஒரு சின்னக் கடை. எரிந்துபோன நீர்ப்பம்பைக் கொண்டுவந்து தந்தால், உள்ளே கருகிக் கிடக்கிற செப்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு புதுக்கம்பி சுற்றி ஓட வைத்துக் கொடுப்பேன். இறக்காமத்து வயல்காரர் வரைக்கும் என்னைத் தெரியும். படிப்பு என்று கேட்டால், ஓ.எல். பரீட்சை இரண்டு தரம் எடுத்தேன். இரண்டு தரமும் கணக்கு என்னைக் கைவிட்டது. அல்லது நான் கணக்கைக் கைவிட்டேன். இருபத்தைந்து வருடமாகியும் அந்த வழக்கு தீரவில்லை.

அப்படிப்பட்டவனுக்கு ப்ரொசெசர், ப்ரோகிராம் என்றெல்லாம் ஆசை வந்தது எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் தண்ணீர்த் தாங்கியால்.

பள்ளியில் மேலே ஒரு பெரிய தாங்கி. அது நிறைந்தால் பம்பை நிறுத்த வேண்டும், இறங்கினால் போட வேண்டும். இதைத் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற மோதினார்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முழங்கால் வருத்தம். ஒரு நாள் மறந்தால் முற்றமெல்லாம் தண்ணீர். ஒரு நாள் மறந்தால் குழாயில் காற்று. ஒரு வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கம் தொடங்கப் போகிற நேரத்தில் தண்ணீர் நின்று, ஐம்பது அறுபது பேர், தொழ முன்னம் கைகால் கழுவுகிற வுழூ பாதியில் நிற்க, ஒரு கை நனைந்து ஒரு கை காய்ந்து, பக்கத்து வீட்டுக் கிணறுகளைத் தேடி ஓடினார்கள். அந்தக் கிழமையே மரைக்காயர்மார் கூடினார்கள். (எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் ஒரு மரைக்காயர். அவர்கள் சேர்ந்துதான் பள்ளியை நிர்வகிப்பது.) கொழும்பிலிருந்து தானாக வேலை செய்கிற ஒரு பெட்டியை எடுப்போம் என்று பேச்சு வந்தது.

அங்கேதான் என் மச்சான் எழும்பினார். ஆதம்பாவா மச்சான், என் மனைவி ஜெஸீமாவின் மூத்த காக்கா, அதாவது அண்ணன். அவர்களுடைய குடிக்கு அவர்தான் மரைக்காயர். எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்த ஆம்பிளை பெண் வீட்டில்தான் குடியிருப்பது. நான் இருக்கிற வீட்டை அத்திவாரம் வெட்டினதிலிருந்து ஓடு போட்டது வரைக்கும் நின்று கட்டினவர் இந்த மச்சான். பதினாறு வருடமாக அந்த வீட்டில் நான் ஒரு ஆணி அடித்தாலும் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போவார். ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒன்றும் சொல்லாமைதான் தாங்க ஏலாது. என்னைப் பற்றி யாரிடமும் பேச வேண்டி வந்தால், "எங்கட தங்கச்சிர மாப்பிள்ள, பம்ப் திருத்துற ஆள்" என்பார். அவ்வளவுதான்.

அந்த மனிசன் சபையில் எழும்பிச் சொன்னாராம்: "கொழும்புப் பெட்டி பழுதானா ஆர் வந்து பாக்கிற? என்ட மச்சான் செய்வாரு. அது என்ட பொறுப்பு."

இஷாத் தொழுகை முடிந்து வரும்போது யாரோ இதை எனக்குச் சொன்னார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. 'என்ட மச்சான்'. பதினாறு வருடத்தில் முதல் தரம், அதுவும் சபையில். வீட்டுக்கு வந்து ஜெஸீமாவிடம் சொன்னேன்.

"காக்கா அப்பிடிச் சொன்னாரா?" என்று கேட்டுவிட்டு அவள் சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்தாள். "உங்களுக்கு அது தெரியுமா?"

"பழகலாம் புள்ள."

"அவர் பொறுப்பு எண்டு சொல்லிரிக்காரு. பழகிப் பாக்கிற எண்டு சொல்லல்ல."

விஷயத்தை அவள் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டாள். பிழைத்தால் போவது என் மானமல்ல, அவருடைய வாக்கு.

சாமான்கள் பார்சலில் வந்தன. தீப்பெட்டி அளவில் ஒரு போர்ட், அதற்கு நடுவில் கறுப்பாக ஒரு சிப். அதுதான் மூளையாம். இன்னொரு சின்னக் குச்சி, அதுதான் டிபக்கர். கொஞ்சம் கலர் வயர். ஒரு பழைய லெப்டொப்பும் வாங்கினேன், அதில் இரண்டு எழுத்துக்குப் பல் விழுந்திருந்தது. பாடத்துக்கு இணையத்தில் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவரின் வீடியோக்கள். நல்ல பிள்ளை, அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். ஆனால் "இத ஜஸ்ட் இன்ஸ்டால் பண்ணிக்கோங்க" என்று அவர் இரண்டு விநாடியில் சொல்லிவிட்டுப் போன வேலை எனக்குப் பதினேழு நாள் எடுத்தது.

ஒவ்வொரு நாளும் விடிய சுபஹ் தொழுதுவிட்டு வந்து உட்காருவேன். திரையில் சிவப்பு எழுத்தில் ஏதாவது வரும். ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் பம்ப் பெட்டியில் இருக்கிற அளவுக்குத்தான். ஜெஸீமா ஏ.எல். பாஸ், பாலர் பாடசாலையில் படிப்பித்தவள். இடியப்பம் பிழிந்துகொண்டே வந்து எட்டிப் பார்ப்பாள். நான் கேட்பேன்:

"என்ன எழுதிரிக்கி?"

"இலக்கு ஒண்டையும் காணல்லயாம்."

"எங்கட கணக்கு வாத்தியாரும் இதத்தான் சொன்ன."

அந்த இலக்கைத் தேடி எட்டு நாள். போர்ட்டில் சிவப்பு லைட் எரிகிறது. கரண்ட் போகிறது. ஆனால் லெப்டொப்புக்கு அப்படி ஒரு போர்ட் இருப்பதே தெரியவில்லை. நான் வயரை மாற்றினேன், ஓட்டையை மாற்றினேன், லெப்டொப்பை வேறு அறைக்கு மாற்றினேன். கடைசியில் தொழுகிற கிப்லாத் திசையைப் பார்த்துத் திருப்பி வைக்கவும் யோசித்தேன் (வெட்கம்தான், ஆனால் யோசித்தேன்). ஒன்பதாம் நாள் ஜெஸீமா அந்தக் கேபிளைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்ட பழைய போனுக்குச் சார்ஜ் போடுற வயரெல்லா?"

"ஓம்."

"இதில சார்ஜ் மட்டுந்தான் போகும். படம் மாத்த ஏலாது. நான் எத்தின தரம் பாத்திரிக்கேன்."

இருபத்தைந்து வருடம் கம்பியோடு சீவித்தவன் நான். எந்தக் கம்பி சோறு மட்டும் கொண்டுபோகும், எந்தக் கம்பி கடிதமும் கொண்டுபோகும் என்று பாலர் பாடசாலை டீச்சர் எனக்குச் சொல்ல வேண்டி வந்தது. வேறு கேபிள் குத்தினேன். இலக்கு கிடைத்தது.

அடுத்தது ப்ரோகிராமை மொழிபெயர்த்துச் சிப்புக்குச் சொல்கிற மென்பொருள். அது ஒவ்வொரு தரமும் பாதியில் செத்துப் போனது. இதில் குற்றவாளி நான்தான், ஆனால் நல்ல நிய்யத்துள்ள குற்றவாளி. எந்த நல்ல காரியத்தையும் அல்லாஹ்வின் பெயரால் தொடங்க வேண்டும் என்று, எல்லாவற்றையும் போட்டு வைக்கிற கோப்புறைக்குத் தமிழில் 'பிஸ்மில்லாஹ்' என்று பெயர் வைத்திருந்தேன். அந்த மென்பொருளுக்கு ஆங்கில எழுத்தைத் தவிர வேறெதுவும் செல்லாதாம். பெயரை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் அப்படியே இருந்தேன்.

"பேர வாயால சொல்லுங்க," என்றாள் ஜெஸீமா. "பெட்டிக்குப் பம்ப் எண்டு ஆங்கிலத்தில போடுங்க. நாம சட்டிக்கா பிஸ்மில் எண்டு பேர் வெக்கிற? பிஸ்மில் சொல்லிட்டுத்தானே ஆக்கிற."

வாயால் சொன்னேன். பெட்டிக்குப் பம்ப் என்று வைத்தேன். ஒரே அமுக்கில் எல்லாம் ஓடியது. போர்ட்டின் மூலையில் கடுகளவு ஒரு பச்சை லைட் மின்னத் தொடங்கியது. ஒரு விநாடி எரிகிறது, ஒரு விநாடி அணைகிறது. நான் சொன்னதால் எரிகிறது. நான் சொன்னதால் அணைகிறது. எழும்பி அப்படியே தரையில் நெற்றி வைத்து, நன்றிக்கு ஷுக்ருடைய ஸுஜூது செய்தேன்.

நான் விழுந்துவிட்டேன் என்று ஜெஸீமா ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு லைட்டைக் குனிந்து பார்த்தாள். "நல்லாரிக்கி," என்றாள். "பெருநாளைக்கு இதவிடப் பெரிசு கடையில தொங்குது." ஆனால் போகாமல் நின்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அதன்பிறகுதான் டிபக்கரின் ருசி தெரிந்தது. அதில் 'பிரேக் பொயின்ட்' என்று ஒன்று. ப்ரோகிராமில் எந்த வரியிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைக்கலாம். சிப் ஓடி வந்து அந்த வரியில் அப்படியே நிற்கும். மஞ்சள் அம்புக்குறி ஒன்று இந்த இடத்தில்தான் நிற்கிறேன் என்று காட்டும். மூளைக்குள் என்ன எண் இருக்கிறது என்று ஆறுதலாகப் பார்க்கலாம். பிறகு பச்சை முக்கோணத்தை அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எனக்கு இது இறைநேசர் காட்டுகிற கராமத்துப் போல இருந்தது. எங்கள் வீட்டில் நான் நில் என்று சொல்லி நின்ற முதல் சாமான் அதுதான்.

அதிலிருந்து எனக்கொரு பழக்கம் வந்தது. பாங்கு கேட்டால் எங்கள் ஊரில் கடைக்காரன் ஷட்டரைப் பாதிக்கு இழுப்பான், தையல்காரன் ஊசியைத் துணியிலேயே குத்தி வைப்பான். நானும் பாங்கு கேட்டவுடன் ப்ரோகிராமைப் பிரேக் பொயின்டில் நிறுத்திவிட்டுப் பள்ளிக்குப் போவேன். திரும்பி வந்து முக்கோணத்தை அமுக்குவேன். லைட் விட்ட இடத்திலிருந்து மின்னும். என் ப்ரொசெசரும் தொழுகை வக்துக்கு வேலையை நிறுத்துகிறது என்று எனக்குள் ஒரு பெருமை. கடைக்கு வந்த இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். சின்ன லைட் எரிந்தபடி நின்றால் என்ன, அணைந்தபடி நின்றால் என்ன, யாருக்கு நட்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் நான் பாதி வேலையில் லுஹர் தொழுகைக்குப் போன நேரம், ஜெஸீமா மேசையைத் துடைக்க லெப்டொப்பை மூடிவிட்டாள். வந்து பார்த்தால் காலையிலிருந்து செய்ததெல்லாம் போய்விட்டது. நான் ஏசவில்லை. அதைவிட மோசம், இரண்டு நாள் கதைக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவள் பொறுமை இழந்து சொன்னாள்: "வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியம், இனி இந்த லெப்டொப்பையோ இதோட சேர்ந்த எந்தச் சாமானையோ நான் தொடமாட்டன். போதுமா?" எனக்குப் போதுமாகத்தான் இருந்தது.

பள்ளியில் பூட்ட முன்னம் எங்கள் வீட்டுத் தாங்கியிலேயே ஒரு கிழமை ஓட்டிப் பார்ப்பது என்று மச்சான் சொன்னார். தாங்கிக்குள் ஒரு மிதவை. தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்கும், சிப் பம்பைப் போடும். நிறைந்தால் மிதவை எழும்பும், சிப் பம்பை நிறுத்தும். மிதவையின் வயரை உள்ளே இறக்க ஓட்டை வேண்டியிருந்தது. மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற பைப்பின் வாய் சரியான அளவாக இருந்தது. அதற்குள்ளால் வயரை விட்டு, சுற்றி ரப்பரால் இறுக்கி அடைத்தேன். (ஓம், அடைத்தேன்.) ஆறு நாள் ஒரு குறையில்லாமல் ஓடியது. ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மரைக்காயர்மார் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பது, பகல் சாப்பாடும் இங்கே என்று மச்சான் ஏற்பாடு. வளவில் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் பாய் விரித்து, நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும், பலர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் போடத் தயாராக இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஓடுகிறதை ஓட விட்டிருக்கலாம். ஆனால் வருகிறவர்களுக்குக் காட்ட, பம்ப் ஓடும்போது மூளைக்குள் என்ன எண் இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்து வைக்க ஆசை. லெப்டொப்பைக் கொழுவி, 'பம்பைப் போடு' என்ற வரிக்கு அடுத்த வரியில் சிவப்புப் பொட்டு வைத்தேன். ஜெஸீமா பாத்திரம் கழுவத் தண்ணீர் இறங்கியது. பம்ப் இரைந்து ஓடத் தொடங்கியது. மஞ்சள் அம்புக்குறி வந்து நின்றது. எண்ணைப் பார்த்தேன். அழகான எண். அந்த நேரம் பாங்கு.

நான் எழும்பினேன். வெள்ளை ஜுப்பாவைப் போட்டேன், அத்தர் பூசினேன், போனை ஓஃப் பண்ணினேன். போகும்போது லெப்டொப்பை ஒரு தரம் பார்த்தேன். அம்புக்குறி மரியாதையாக நின்றுகொண்டிருந்தது. நிறுத்தியாச்சு, வந்து பார்ப்போம் என்று போய்விட்டேன்.

குத்பா, தொழுகை, துஆ, ஸுன்னத்துத் தொழுகை, முஸாபஹாக் கைகொடுப்பு. அதன்பிறகு ஐந்து மரைக்காயர்மாரோடும் மச்சானோடும் ஆறுதலாக நடந்து வந்தேன். வரும் வழியெல்லாம் நானே கதைத்தேன். அவர்களில் பெரியவர் போட் ஹாஜியார். ஒலுவில் துறைமுகத்தில் அவருக்கு ஆழ்கடல் படகு நிற்கிறது. எஞ்சின், சுக்கான் எல்லாம் கரைத்துக் குடித்தவர். அவரிடம் நான், "மனிசன் மறப்பான் ஹாஜியார், இது மறக்கா," என்று சொல்லி வாய் மூடவில்லை. எங்கள் ஒழுங்கையில் மணல் நனைந்திருந்தது.

கொளுத்துகிற வெயில். வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை. ஆனால் எங்கள் கடப்படி வாசலுக்குள்ளால் தண்ணீர் ஒரு சின்ன ஆறாக ஒழுங்கைக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு வாழைப்பழத் தோலும் என் ஒற்றைச் செருப்பும் அதில் மிதந்து போயின. உள்ளே எட்டிப் பார்த்தால், தாங்கியின் மூடி எழும்பி நாலு பக்கமும் தண்ணீர் பொங்கி, தகரக் கொட்டிலின் மேல் விழுந்து, சுற்றிவர மாரி மழை பெய்கிறது. ஊரெல்லாம் வெயில், எங்கள் வளவில் மட்டும் மார்கழி. மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹாஜியார் சாரனை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார். பழக்கப்பட்ட கை.

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. குசினி வாசலில் சோற்றுத் தேக்சாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கச்சியைப் பார்த்தார். பாய்களையும் இறைச்சியையும் அவள் ஏற்கனவே வீட்டுக்குள் எடுத்திருந்தாள். முக்காடு நனைந்து ஒட்டியிருந்தது.

"ஏன் புள்ள ஓஃப் பண்ணல்ல?"

"சத்தியம் பண்ணிரிக்கேன் காக்கா."

"என்னெண்டு?"

"லெப்டொப்பையும் அதோட சேர்ந்த எதையும் தொடமாட்டன் எண்டு. லெப்டொப்போட போர்ட் சேர்ந்திரிக்கி. போர்ட்டோட பம்ப் சேர்ந்திரிக்கி. பம்போட சுவிச் சேர்ந்திரிக்கி. சுவிச்சோட மெயின் சேர்ந்திரிக்கி. நான் எத ஓஃப் பண்ற? இவருக்குப் பதினொரு தரம் போன் எடுத்தேன். மறுகா, பரிகாரமாப் பத்து ஏழைக்குச் சோறு குடுத்துட்டுச் சத்தியத்த முறிப்பம் எண்டு எழும்பக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

"நாங்க ஆறு பேர் வந்திரிக்கம்," என்றார் ஹாஜியார்.

"நீங்க ஏழை இல்லியே ஹாஜியார்."

அவர் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை.

நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, ஓடினேன். புத்தியுள்ளவன் சுவிச்சுக்கு ஓடுவான். நான் ஜுப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லெப்டொப்புக்கு ஓடினேன். மஞ்சள் அம்புக்குறி நான் விட்டுப்போன அதே வரியில், 'பம்பைப் போடு' என்பதற்குப் பக்கத்தில், ஒன்றும் அறியாத பிள்ளைபோல நின்றது. பச்சை முக்கோணத்தை அமுக்கினேன்.

டக். பம்ப் நின்றது.

அந்த அமைதியில் தகரத்திலிருந்து கடைசித் துளிகள் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பினால் ஆறு பேரும் எனக்குப் பின்னால், சாரனை மடித்துக்கொண்டு, ஈரக் காலோடு. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விளங்கியதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பிழை சாமான்ல இல்ல ஹாஜியார். என்னில. பாங்கு கேட்டு நான் இதிர மூளைய நிப்பாட்டிட்டுப் போனேன். மூளைதான் நின்ற. கை பம்பைப் போட்ட கை, அது போட்டபடியே இருந்துட்டு. நிறைஞ்சிட்டு எண்டு மிதவை சொல்லிரிக்கி. கேக்கிறதுக்கு உள்ளுக்க ஆளில்ல. இப்ப ஆள எழுப்பினேன், உடனே கேட்டு நிப்பாட்டிட்டு."

மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவர் கட்டின சுவர். அதில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறியிருந்தது.

ஹாஜியார்தான் கேட்டார். "எஞ்சின் ஓடுது. சுக்கான் பிடிக்கிறவன நீ கட்டிப்போட்டுட்டுத் தொழப் போயிட்டாய். அதானே தம்பி?"

"ஓம் ஹாஜியார்."

"கட்டினது ஆரெண்டு தெரியும். ஏன் நடந்த எண்டும் தெரியும்." அவர் மற்றவர்களைப் பார்த்தார். "கடல்ல இவ்வளவு தெரிஞ்சாப் போதும், ஆள் கரைக்கு வந்துருவான். தண்ணியத் திறந்து விடுங்க. நாம தின்னக்குள்ள இது வேல செய்யுதா எண்டு பாப்பம்."

வீட்டிலிருந்த குழாய் எல்லாவற்றையும் திறந்துவிட்டோம். நான் லெப்டொப்பைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை ஜெஸீமாவிடம் கொடுத்தேன். (அலுமாரித் திறப்பு சத்தியத்தில் சேராது என்று உறுதி செய்துகொண்டுதான் வாங்கினாள்.) உள் அறையில் பாய் விரித்து, இரண்டு சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். என் சஹனில் மச்சான் எனக்கு நேரே.

அப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை. எல்லார் வாயும் மெல்லுகிறது, எல்லார் காதும் வெளியில். தாங்கி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாய்க்குப் பிறகு டக் என்று ஒரு சத்தம், பம்ப் இரையத் தொடங்கியது. "போட்டுட்டு," என்று யாரோ மெதுவாகச் சொன்னார். ஜெஸீமா குழாய்களை மூடுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. இனி நிரம்ப வேண்டும். நிரம்பினால் நிற்க வேண்டும். பம்ப் இரைகிறது. சோறு முடிந்து வட்டிலப்பம் வந்தது. இரைகிறது. நான் மனதுக்குள் எனக்குத் தெரிந்த எல்லா துஆவையும் ஓதி முடித்து, மழை வேண்டி ஓதுகிற துஆவுக்கும் வந்துவிட்டேன். இது அதற்கு நேரமில்லை என்று விளங்கி நடுவில் விட்டேன்.

டக்.

ஒரு துளி வெளியே விழவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். தகரத்தில் ஒரு சத்தமும் இல்லை.

மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. சஹனின் நடுவில் கடைசியாகக் கிடந்த நல்ல இறைச்சித் துண்டை விரலால் மெல்ல என் பக்கம் தள்ளிவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு சஹனில் கூடிச் சாப்பிட்டவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். அதை வாயில் போட்டு மெல்லாமலே வைத்திருந்தேன். இறைச்சி சிக்கிவிட்டது என்று நினைத்து ஹாஜியார் தண்ணீர் ஊற்றித் தந்தார்.

அன்றே சபை முடிவெடுத்தது. ஹாஜியார் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: சுக்கான்காரன் உறங்கினாலும் எஞ்சினை நிறுத்த இன்னொரு ஆள் வேண்டும். அதனால் பள்ளித் தாங்கியில் மேலே இரண்டாவது மிதவை ஒன்று போட்டேன். அதற்கு மூளையே கிடையாது, தண்ணீர் தொட்டால் கரண்டை வெட்டும், அவ்வளவுதான். சிப்புக்குள்ளேயும் ஒரு ஏற்பாடு செய்தேன். ப்ரோகிராம் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால் அது தட்டி எழுப்பித் தொடக்கத்திலிருந்து ஓட வைக்கும். (ஆங்கிலத்தில் அதற்குக் காவல் நாய் என்று பெயர். பள்ளிக்குள் அந்தப் பெயரை நான் எடுக்கவில்லை. 'காவல்காரன்' என்று சொல்லி முடித்தேன்.) வழிகிற பைப்பை அடைக்கவில்லை. அந்த வருட நோன்பு முப்பதும் இரவுத் தராவீஹ் தொழுகைக்குத் தண்ணீர் ஒரு நாள் தவறவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மோதினார் பம்ப் சுவிச் பக்கமே போகவில்லை. இப்போது மூன்று பள்ளியிலும் ஒரு நெல் ஆலையிலும் என் பெட்டி ஓடுகிறது. கணக்கில் கோட்டைவிட்டவன் செய்த பெட்டி.

ஆனால் ஊர் எதை ஞாபகம் வைத்திருக்கிறது என்பது நம் கையில் இல்லை. வெள்ளிக்கிழமை நான் பள்ளிப் படியேறினால் வுழூச் செய்கிறவர்கள் குழாயடியிலிருந்தே கேட்பார்கள், "நசீர் காக்கா, எல்லாம் ஓஃப்தானே?" வீட்டில் நான் யோசனையில் கொஞ்சம் நிலையாக நின்றால் ஜெஸீமா என் முதுகில் ஒரு விரலால் அமுக்குவாள், பச்சை முக்கோணத்தை அமுக்குகிற மாதிரி. பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். என் முதுகுக்கு இப்போது ஓய்வில்லை.

மச்சான் யாரிடமும் இதைச் சொல்லிச் சிரித்ததில்லை. அவர் அப்படிப்பட்டவரல்ல. ஆனால் ஜும்ஆவுக்கு இப்போது என் பக்கத்தில்தான் நிற்கிறார். இகாமத் முடிந்து தொழுகை வரிசை ஸஃப்பு நேராகி, இமாம் தக்பீர் சொல்லுமுன் ஒரு விநாடி இருக்கும். அந்த ஒரு விநாடியில், முன்னாலேயே பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் கேட்பார்.

"மச்சான், ஓஃப்தானே?"

"ஓம் மச்சான். ஓஃப்."

அதன்பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் கையைக் கட்டுவோம்.